ஆடியில் கொடுத்த தேதி

என் தம்பி அர்ஜுனன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் ஒரு மூச்சு திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நல்லவன்தான், ஆனால் நாள் பார்க்கிறவன். மோட்டார் வாங்கவும் நாள் பார்ப்பான், முடி வெட்டவும் நாள் பார்ப்பான். அந்தப் பழக்கம் கடைசியில் அவன் மகள் ஷர்மினியின் தலையில் வந்து விடிந்தது.

அவன் மனைவி சாந்தினி மேடான்காரி. நம் தமிழாட்கள்தான், ஆனால் பாஸ்போர்ட் இந்தோனேசியா. அவளைப் பினாங்குக்கு அழைத்து வந்து ஓர் ஐப்பசியில் கோவிலில் தாலி கட்டினான். "மொதல்ல ரெஜிஸ்டர் பண்ணுடா" என்று அன்றைக்கே கத்தினேன். மேடானிலிருந்து பத்திரங்கள் வந்து சேர மாதக்கணக்கில் ஆனது. வந்ததும் பதிவு இலாகாவில் ஒரு தேதி கொடுத்தார்கள். என் தம்பி ஐயா வீட்டுக்கு வந்து காலண்டரைப் புரட்டினார். ஆடி மாதம்! மறுநாளே ஓடிப்போய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தேதியை ஆவணிக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

சாந்தினி அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. புரட்டாசியில் பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பனைப் போல நாள் பார்க்கத் தெரியாத பிள்ளை, அவசரப்பட்டு ஆடியிலேயே பிறந்துவிட்டது.

கோவிலில் கட்டிய தாலி சாமிக்குச் செல்லும், சட்டத்துக்குச் செல்லாது. பதிவுக்கு முன் பிறந்த பிள்ளை தாயின் நாட்டைத்தான் சேரும் என்றார்கள். ஆவணியில் முறையாகப் பதிவு செய்தும் பயனில்லை. பினாங்கில் பிறந்து, செபராங் ஜெயாவில் வளர்ந்து, பள்ளியில் தினமும் நெகாராகூ என்று தேசிய கீதம் பாடும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகள் அல்லர்' என்று இருந்தது. இனி அதை மாற்ற வேண்டுமென்றால் உள்துறை அமைச்சர் மனம் வைக்க வேண்டும்.

பன்னிரண்டு வயதில் கூடப் படித்த பிள்ளைகளெல்லாம் அடையாள அட்டை எடுத்தபோது ஷர்மினி வந்து கேட்டாள். "பேப்பர் லேட்டாயிருச்சும்மா" என்றான் அர்ஜுனன். ஆடி மாத விஷயத்தை அவளிடம் சொல்லக்கூடாது என்று என்னிடமும் சாந்தினியிடமும் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். குடியுரிமை விண்ணப்பத்திலும் அதையே எழுதினான்: மேடான் பத்திரங்கள் வரத் தாமதம். அவன் நண்பன் மோகனராஜ் கொடுத்த யோசனை அது. இரண்டு முறை விண்ணப்பித்தான், இரண்டு முறையும் கிடைக்கவில்லை.

பதினாறு வயதில், நாலாம் படிவம் படிக்கும்போது, சரித்திரப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். மற்ற பிள்ளைகள் மலாக்கா, கோட்டை, ராஜா என்று எழுத, இவள் உள்துறை அமைச்சு என்கிற இலாகாவின் கதையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, போலீசு, ஜெயிலு, இமிகிரேசன் எல்லாமே ஒரே அமைச்சுதான், தெரியுமா? நீங்க பாக்குற தமிழ்ப் படத்த சென்சார் பண்றதும் அவங்கதான். நம்ம கோயில் சங்கத்தப் பதியிறதும் அவங்கதான்லா."

"அப்ப கோயில் கமிட்டி சண்டையையும் அவங்களே வந்து தீத்து வைக்கட்டும்" என்றேன்.

சிரித்தாள். பிறகு அந்தக் கதையைச் சொன்னாள். வெள்ளைக்காரன் காலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்தபோதுதான் இங்கே எல்லோருக்கும் அடையாள அட்டை வந்ததாம். யார் ஊரைச் சேர்ந்தவர், யார் காட்டைச் சேர்ந்தவர் என்று பிரித்துப் பார்ப்பதற்கு. சண்டை ஓய்ந்தது, வெள்ளைக்காரன் போனான், அட்டை மட்டும் தங்கிவிட்டது. அமைச்சின் பெயரும் பொறுப்புகளும் எத்தனையோ முறை மாறின. யார் உள்ளே, யார் வெளியே என்று பார்க்கிற வேலை மட்டும் மாறவில்லை.

"இத ஏன்டி எடுத்த? வேற தலைப்பே கெடைக்கலியா?"

"என்னைப் பத்தி முடிவு பண்றவங்க யாருன்னு நான் தெரிஞ்சிக்க வேணாமா, அத்தை?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

மூன்றாவது விண்ணப்பத்துக்கு ஜார்ஜ்டவுனில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். அப்போது ஷர்மினி ஐந்தாம் படிவம். தாதியர் படிப்புக்குக் குடிமக்களுக்குக் கொடுக்கும் நீல அட்டை வேண்டும். வயதும் ஏறிக்கொண்டே போகிறது. இந்த முறையும் இல்லையென்றால் அவள் படிப்பு அதோடு சரி. நாலு பேரும் ஃபெரி ஏறிப் போனோம். உறவு என்று சொல்லி நானும் உள்ளே நுழைந்துவிட்டேன், என்னைத் தடுக்க அங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை.

அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. ஜன்னத் என்று பெயர், எல்லோரும் மரியாதையாகப் 'புவான்' என்று கூப்பிட்டார்கள். ஷர்மினியிடம் பள்ளியைப் பற்றிக் கேட்டார், நன்றாகச் சிரித்தார். பிறகு கோப்பைப் புரட்டிவிட்டு அர்ஜுனனைப் பார்த்தார். எல்லாம் மலாயில்தான்.

"பத்திரங்கள் வரத் தாமதம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பிள்ளை பிறப்பதற்கு முன்பே எல்லாம் வந்துவிட்டதே. உங்களுக்குத் தேதியும் கொடுத்திருக்கிறார்கள். அதை நீங்களே மாற்றியிருக்கிறீர்கள். ஏன்?"

அர்ஜுனனுக்கு வியர்த்துக் கொட்டியது. சாந்தினி தரையைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். "அவர் சொல்லட்டும், அக்கா" என்று ஜன்னத் கையமர்த்திவிட்டார்.

"ஆடி மாசம்" என்றான் அர்ஜுனன்.

"ஆடி என்றால் என்ன?"

அர்ஜுனன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். ஷர்மினி அவன் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு நிமிடம் என்னைப் பூமி விழுங்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

பிறகு அவளே சொன்னாள், பள்ளிக்கூடத்து மலாயில், நிதானமாக. "எங்கள் மாதங்களில் ஒன்று, புவான். அது சாமிக்கான மாதம். அந்த மாதத்தில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள். நல்லது தங்காது என்பார்கள். அப்பா நல்ல நாளில் செய்ய வேண்டும் என்று நினைத்திருக்கிறார். நான் அதற்குள் பிறந்துவிட்டேன்."

ஜன்னத் பேனாவைக் கீழே வைத்தார். "என் நிச்சயதார்த்தம் எங்கள் ஆட்களின் சஃபார் மாதத்தில் வந்தது" என்றார். "கூடாது என்று என் அம்மா தள்ளிப் போட்டார். எனக்கு ஒரு நஷ்டமும் வரவில்லை. உனக்கு வந்துவிட்டது."

பிறகு அர்ஜுனனிடம் திரும்பினார். "இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே. நான் முடிவு செய்கிறவள் இல்லை. புத்ராஜெயாவில் அமைச்சர்தான் முடிவு செய்வார். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புவேன்."

திரும்பும்போது ஃபெரியில் ஷர்மினி தனியாகப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போனேன்.

"எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அப்படித்தானே அத்தை?"

"உனக்கு மனசு கஷ்டப்படும்னுதான்டி..."

"ஒரு காலண்டருக்காகவா அத்தை?"

எனக்கும் அதே கோபம்தான், அவள் பிறந்த நாளிலிருந்து.

அதன் பிறகு அவள் சண்டை போடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. 'அப்பா' என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு" என்பாள். "போன் அடிக்குது" என்பாள். முன்னால் 'அப்பா' இருக்காது. பரீட்சை முடிந்தது, தீபாவளி போனது, தைப்பூசம் போனது, அந்தச் சொல் வரவில்லை. அர்ஜுனன் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக் குப்பையில் போட்டான். யாரும் அவனைப் போடச் சொல்லவில்லை. கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போக, அவள் சிம்பாங் அம்பாட்டில் ஒரு கடையில் வேலைக்கு நின்றாள்.

ஒரு நாள் மதியம் நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது அர்ஜுனனின் போன் அடித்தது. "யா, புவான்... யா..." என்று எழுந்து நின்று பேசினான். பேசி முடித்தும் உட்காரவில்லை.

"கெடைச்சிருச்சுக்கா" என்றான். "குடியுரிமை கெடைச்சிருச்சு. வர்ற புதன்கெழமை வந்து எடுத்துக்கச் சொல்றாங்க."

சாந்தினி சாமி படத்துக்கு முன்னால் அப்படியே விழுந்துவிட்டாள். நான் ஷர்மினியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. என் தோளுக்கு மேலாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வெறும் ஆணி மட்டும் இருந்த சுவரருகே, பக்கத்தில் வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான்.

ஷர்மினி போனை எடுத்துத் தேதியைப் பார்த்தாள்.

"புதன்கெழமை ஆடி மாசம்லா, அப்பா" என்றாள். "ஆவணிக்குத் தள்ளிப் போட்டுறலாமா?"

என் தம்பி சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை போல அழுதான்.