ஆங்கிலத்துக்கு மூன்றை அழுத்தவும்

தாட்சாயினிக்கு இங்கிலீசில் கதைக்க ஒரு ஆள் வேண்டும். கனகராயன்குளத்தில் அப்படி ஒருத்தரும் அகப்படவில்லை. அதனால்தான், ஒரு பழுதும் இல்லாத தன்னுடைய இன்டர்நெட் பெட்டியைப் பற்றி, அதை விற்ற கொம்பனிக்கு நாள் தவறாமல் முறைப்பாடு செய்துகொண்டிருந்தாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுடைய இடத்தில் இருந்து பார்த்தால் வராது.

விசயம் இதுதான். அவளுடைய புருசன் சுகிர்தன் இங்கிலாந்துக்குப் போய் ஆறு வருசம். கலியாணம் முடித்த எட்டாம் மாதம் போனவன். அகதி வழக்கு இன்னும் இழுபடுகிறது. திரும்பி வரவும் ஏலாது, பெண்சாதியைக் கூப்பிடவும் ஏலாது. அவள் அங்கே போய்ச் சேர ஒரேயொரு வழிதான் இருந்தது, தானாகவே மாணவியாகப் போவது. வெளிவாரிப் பட்டம் கையில் இருந்தது. அங்குள்ள ஒரு பல்கலைக்கழகம் இடம் தருவதாகவும் சொன்னது, ஆனால் ஐயெல்ஸ் என்ற இங்கிலீசுச் சோதினையில் எல்லாப் பகுதிக்கும் ஆறு வேண்டுமாம். வாசிப்பில் ஏழு எடுத்தாள். எழுத்தில் ஆறரை. கேட்பதிலும் ஏழு. பேச்சில் மட்டும் ஐந்து. இரண்டாம் தரமும் போனாள், பேச்சில் அதே ஐந்து. மூன்றாம் தரம் வருகிற சனிக்கிழமை, யாழ்ப்பாணத்தில். இதிலும் விழுந்தால் அந்த இடம் இன்னொருவருக்குப் போய்விடும். அவளுக்கு முப்பத்தாறு வயது. மறுபடி முதலில் இருந்து தொடங்க அவளிடம் தெம்பில்லை, அதை அவளே ஒளிக்காமல் சொல்வாள்.

படித்தவளுக்கு ஏன் பேச்சு வரவில்லை என்று கேட்பீர்கள். பேசினால்தானே ஐயா பேச்சு வரும்? தாய் முள்ளியவளையில் தங்கச்சி வீட்டோடு. இந்த வீட்டில் இவள் மட்டும். ஒரு நாளைக்கு அவள் வாயிலிருந்து வருகிற தமிழே கோழிகளைக் கூப்பிடுகிற 'பா பா'வும், கடையில் சொல்லுகிற நாலு சொல்லும்தான். இருக்கிற பாசையே துருப்பிடித்துக் கிடக்கும்போது இல்லாத பாசை எங்கிருந்து வரும்?

கிளிநொச்சியிலிருந்து சூமில் படிப்பிக்கிற சேர் ஒருவர் இருந்தார். கெட்டிக்காரர்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் வகுப்பில் அறுபது பேர். தொடங்கினவுடன் அறுபது பேரையும் மியூட்டில் போட்டுவிடுவார். பேச்சுப் பயிற்சி வகுப்பாம், ஒருத்தருக்கும் வாய் திறக்க வழியில்லை. இந்த மாதத் தலைப்பு தனிமையும் தனிப்பட்ட உறவுகளும். அதற்கு இருபத்துநாலு சொல் அனுப்பியிருந்தார். லோன்லினஸ், ஐசொலேஷன், கம்பானியன்ஷிப், எஸ்ட்ரேஞ்ட் என்று ஒரு பட்டியல். ஒவ்வொரு சொல்லையும் மூன்று வசனத்தில் வைத்து, ஒரு ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பழகுங்கோ என்று கீழே எழுதியிருந்தார். எந்த ஆளின் முகத்தை என்று அவர் எழுதவில்லை.

சுகிர்தனிடம் முயன்று பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் போன் எடுத்தபோது, இன்றைக்கு நாள் எப்படிப் போனது என்று இங்கிலீசில் கேட்டாள். அவன் முதலில் சிரித்தான். இரண்டாவது கேள்விக்கு அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாள் முழுக்க உந்த இங்கிலீசில ஏச்சு வாங்கிப்போட்டு வாறன். நீயும் அதிலயே தொடங்காத. சோதினையைப் பாஸ் பண்ணிக்கொண்டு வா, பிறகு ஆறுதலாக் கதைப்பம்."

அதற்குப் பிறகு விறாந்தையில் வெறும் கதிரை ஒன்றை எதிரே போட்டு, அதற்கு ஐசொலேஷனை விளங்கப்படுத்தினாள். வேலிக்கு அந்தப் பக்கம் கமலாசனி அக்கா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றா. தாட்சாயினி வெறும் கதிரையோடு கதைக்கிறாள் என்று பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கக் கதை பரவிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பொழுதுபடமுன்னம் கமலாசனி அக்கா கோயில் விபூதியும் நூலுமாய் வந்து நின்றா.

"பிள்ளை, குறை நினையாத. தனிய இருக்கிற வீட்டில அதுகள் வந்து குந்திறது வழமை. ஐயரிட்டச் சொல்லி நூல் வேண்டிக்கொண்டு வந்தனான். கையைக் காட்டு."

"அக்கா, நான் சோதினைக்குப் படிச்சனான்."

"ஓம் ஓம். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது," என்று சொல்லிக்கொண்டே அவ நூலைக் கட்டி முடித்துவிட்டா. அன்றோடு விறாந்தைப் படிப்பு நின்றது.

முறைப்பாடு சொல்லுகிற கொம்பனி ஹொட்லைன் தற்செயலாய் அகப்பட்டது. ஒருநாள் காலை இணைப்பு உண்மையிலேயே மந்தமாயிருந்தது. எடுத்தாள். சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று. விரல் என்ன நினைத்ததோ, மூன்றை அழுத்தியது. றிஸ்பா என்று ஒரு பெண் எடுத்தாள். நாலு நிமிசம் இங்கிலீசில் கேள்வி கேட்டாள், தாட்சாயினி நாலு நிமிசம் பதில் சொன்னாள். போனை வைத்தபோது அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அவள் சொன்னதை ஒரு ஆள் விளங்கிக்கொண்டு, திருப்பிக் கேள்வியும் கேட்டிருந்தார்.

அடுத்த நாளும் எடுத்தாள். அதற்கடுத்த நாளும். காலை ஒன்பதுக்குப் பிறகு எடுத்தால் பெரும்பாலும் றிஸ்பாதான். பட்டியலில் உள்ள சொற்களை முறைப்பாட்டுக்குள் செருகிச் செருகிப் பழகினாள். பின்னேரத்தில் என் பெட்டி ஐசொலேஷனில் இருக்கிறது என்றாள். அதற்கும் சிக்னல் கோபுரத்துக்கும் இடையே உறவு சீராக இல்லை என்றாள். றிஸ்பா சிரிக்காமல் எல்லாவற்றையும் பதிந்துகொண்டாள். பொய் சொல்லுகிறோமே என்று நெஞ்சுக்குள் குத்தத்தான் செய்தது. ஆனால் தாழப்போகிறவனுக்குத் துரும்பு கண்ணில் பட்டால் அது யாருடைய துரும்பு என்று கேட்பானா?

பதினொரு முறைப்பாடு சேர்ந்தால் கொம்பனி சும்மா இருக்குமா? வியாழக்கிழமை, சோதினைக்கு இரண்டு நாள் இருக்க, வவுனியாவிலிருந்து அனோஜன் என்ற திருத்துகிற பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். பெட்டியைக் கழற்றினான், பூட்டினான். கூரையில் ஏறினான். தன்னுடைய மெசினை வைத்து அளந்தான். ஒரு மணித்தியாலம் அந்த வெயிலில் நின்று வேர்த்து ஒழுகி, கடைசியில் வந்து நிலத்தில் இருந்துவிட்டான்.

"அக்கா, இஞ்ச ஒரு பழுதும் இல்லை. கனகராயன்குளத்திலயே உங்கட வீட்டிலதான் சிக்னல் நல்லா அடிக்குது."

"பின்னேரத்திலதான் தம்பி பிரச்சினை."

"நான் போன கிழமை முழுக்க உங்கட லைன கொம்பியூட்டரில பாத்தனான். பின்னேரத்திலயும் பிரச்சினை இல்லை." அவன் ஒரு கடதாசியை நீட்டினான். "பிரச்சினை தீர்ந்ததெண்டு இதில ஒரு கையெழுத்து வையுங்கோ. மூடிவிடுவம். இனிச் சும்மா எடுத்தியளெண்டா உங்கட நம்பரை ஹொட்லைனில எடுக்க மாட்டினம். மேல இருந்து அப்பிடித்தான் சொல்லியிருக்கினம்."

தாட்சாயினி கடதாசியைத் தொடவில்லை. வெள்ளி ஒரு நாள் முழுசாய் இருந்தது. அந்த ஒரு நாளையும் வெறும் வாயோடு கழித்துவிட்டு அவள் சோதினைக்குப் போய் என்னத்தைச் சொல்வாள்? அவள் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றாள். பெடியன் கெஞ்சினான். அவள் அசையவில்லை. கடைசியில் அவன் ஹொட்லைனுக்குத் தானே எடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தைச் சொல்லி, போனை அவளிடம் நீட்டினான். வாடிக்கையாளர் தன் வாயால் சொன்னால்தான் மூடலாமாம்.

றிஸ்பாதான். உங்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டதா மேடம் என்று வழமைபோல இங்கிலீசில் கேட்டாள்.

இல்லை என்றாள் தாட்சாயினி. சொன்னவள் நிற்கவில்லை. பழுது பெட்டியில் இல்லை என்றாள். இந்த வீட்டில் சிக்னல் நிறைய இருக்கிறது, ஆறு வருசமாய் நான் ஐசொலேஷனில் இருக்கிறேன் என்றாள். எனக்குப் புருசன் இருக்கிறார், கம்பானியன்ஷிப் இல்லை. எஸ்ட்ரேஞ்ட் ஆவதென்றால் சண்டை பிடித்துப் பிரிவதென்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. நாங்கள் சண்டை பிடித்ததே இல்லை, சண்டை பிடிக்கிற அளவுக்கு எங்களுக்கு நாள் கிடைக்கவில்லை. அவரிடம் போவதற்காகத்தான் இந்தச் சொற்களைப் படிக்கிறேன். போய்ச் சேர்ந்தபிறகு எந்தப் பாசையில் என்ன கதைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாயிருக்கிறது. இந்த முறைப்பாட்டை நீங்கள் மூடினால் எனக்குக் கதைக்க வேறு ஆள் இல்லை.

ஒரு சொல் தடக்கவில்லை. தேடிப்பிடிக்க வேண்டியிருக்கவும் இல்லை. இங்கிலீசு அவ்வளவாய் விளங்காத அனோஜன், இவ்வளவு பெரிய பழுதைத் தான் எப்படிக் காணாமல் விட்டேன் என்று திகைத்துப்போய்ப் பெட்டியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு றிஸ்பா தமிழில் பேசினாள்.

"அக்கா, எக்ஸாம் எப்ப?"

"நாளையிண்டைக்கு," என்றாள் தாட்சாயினி.

"நல்லாச் செய்வீங்க. நீங்க எக்ஸாமுக்குத்தான் பேசிப் பழகுறீங்கெண்டு மூணாம் நாளே எனக்கு வெளங்கிட்டு, நான்தான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா இந்தக் கோல் எல்லாம் ரெக்கோர்ட் ஆகுது அக்கா, மேல உள்ளவங்க என்னைக் கேக்கிறாங்க. நான் இத மூடத்தான் வேணும். போனை அந்தத் தம்பிட்டக் குடுங்க."

தாட்சாயினி போனைக் கொடுத்தாள். கடதாசியில் கையெழுத்தும் வைத்தாள். பெடியன் போனபிறகு குசினிக் கதவில் சாய்ந்து நின்று வாய்விட்டு அழுதாள். கமலாசனி அக்காவுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று அழுதாள்.

சனிக்கிழமை சோதினை அறையில் ஒரு வயதான வெள்ளைக்காரி இருந்தா. ஒரு மட்டையைத் தந்தா. உங்களுக்கு நெருக்கமான, நீங்கள் அடிக்கடி கதைக்கிற ஒருவரைப் பற்றி இரண்டு நிமிசம் சொல்லுங்கள். ஆயத்தம் செய்ய ஒரு நிமிசம். தாட்சாயினி பென்சிலை எடுத்துக் கடதாசியில் சுகிர்தன் என்று எழுதினாள். கீழே எழுத ஒன்றும் வரவில்லை. அவன் இப்போது காலையில் என்ன சாப்பிடுகிறான்? தெரியாது. அங்கே அவனுடைய அறையில் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவன் பெயர் என்ன? தெரியாது. தெரிந்ததெல்லாம் ஆறு வருசத்துக்கு முந்தின ஒரு மனிசனைப் பற்றி. நிமிசம் முடிந்துவிட்டது. ஆண்டவனே என்று வாயைத் திறந்தாள். வாயில் வந்தவள் றிஸ்பா.

அவளை நான் கண்டதில்லை என்று தொடங்கினாள். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டாள். நான் பொய் சொல்லுகிறேன் என்று தெரிந்தும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் போனை வைக்கமுன்னம், வேறு ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்பாள். அது அவளுடைய வேலை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் என்னை அப்படிக் கேட்கிறவள் அவள் ஒருத்திதான். இரண்டு நிமிசம் முடிந்துவிட்டதென்று வெள்ளைக்காரி கையை உயர்த்தி நிறுத்தவேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. பேச்சில் ஆறரை.

சுகிர்தனுக்கு வீடியோவில் காட்டினாள். அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான், பிறகு சிரித்தான். மெலிந்திருந்தான். நெற்றிப் பக்கம் மயிர் கொட்டியிருந்தது. அதை அவள் அன்றைக்குத்தான் கவனித்தாள்.

"என்ன தலைப்பு வந்தது?" என்று கேட்டான்.

"நெருக்கமான ஒராளைப் பற்றிச் சொல்லச் சொன்னவை."

"என்னைப் பற்றித்தானே சொன்னனி?"

"ஓம்," என்றாள்.

"என்னெண்டு? சொல்லன், கேப்பம்."

அவளுக்கு உடனே ஒரு பொய்யும் வரவில்லை. றிஸ்பாவைப் பற்றிச் சொன்னதையே சொன்னாள். "நான் என்ன சொன்னாலும், சொல்லி முடியுமட்டும் பொறுமையாக் கேக்கிற ஆள் எண்டு சொன்னனான். வைக்கேக்க எப்பவும், வேற ஏதும் வேணுமோ எண்டு கேக்கிறனியள் எண்டும் சொன்னனான்."

சுகிர்தனின் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது.

"அப்ப அது நானில்லை, தாட்சு," என்றான்.

இல்லை, நீங்கள்தான் என்று சொல்லியிருக்கலாம். அவன் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. தாட்சாயினி சொல்லவில்லை.