ரவூப் பாய் கேட்காத சத்தம்

தாராவியில் ரவூப் பாயின் ஒர்க்‌ஷாப் வாசலை எட்டி என்ஜினை அணைத்ததும் கார் கமுக்கமாகிவிட்டது. மாட்டுங்காவிலிருந்து வழிநெடுக அது போட்ட டடங் டடங்கில், சயான் ஸ்டேஷனில் நின்ற லோக்கல் ரயிலே திரும்பிப் பார்த்திருக்கும் என்பது சந்திரமௌலியின் கணிப்பு. தரை அதிர்ந்த அதிர்வில் மூக்குக்கண்ணாடி இரண்டு தடவை மடியில் விழுந்தது. இப்போது பார்த்தால் பால் குடிக்கத் தெரியாத பூனை மாதிரி நிற்கிறது.

"மூணாவது வாட்டி வாறீக சாமி," என்றார் ரவூப். "சஸ்பென்ஷன் புஷ் மாத்தியாச்சு, சைலன்ஸரை இறுக்கியாச்சு. சத்தம் வண்டிலயா, ஒங்க காதுலயா?"

"நீங்க பக்கத்துல ஏறி உக்காந்தா அடங்கிடறது பாய். உங்கமேல அதுக்கு அவ்வளவு மரியாதை."

சந்திரமௌலி சிரித்தாலும் கவலை நாளையைப் பற்றித்தான். பேத்தியைப் பார்த்துக்கொள்ள வாஷிக்கு, மகள் மானசா வீட்டுக்குப் போன மனைவி அபயாம்பாள் ஏழு மாதமாகத் திரும்பவில்லை. நாளை ஞாயிறு, காரில் வந்து அழைத்துப் போகிறேன், வண்டிதான் கொஞ்சம் சத்தம் போடுகிறது என்று போனில் சொன்னதற்கு, "அந்த டப்பாவை வித்துட்டு நீங்க இங்க வந்துடுங்கோ. சத்தம் போடற வண்டில நான் ஏறமாட்டேன்" என்று தீர்ப்பு வந்திருந்தது.

இருபத்துமூன்று வருஷ வண்டி. தாதர் பூ மார்க்கெட்டுக்கும், டோம்பிவிலியில் நடந்த அத்தனை கல்யாணத்துக்கும், முன்சீட்டில் அபயம்தான். ஒரு ஜூலை மழையில் முழங்கால் தண்ணீரில் வண்டி நின்றபோது, மடியில் பாயசத் தூக்கோடு அசையாமல் இருந்து, "இறங்கித் தள்ளுங்கோ" என்றவள். கியர் போட்டது இவர். வண்டியை ஓட்டியது அவள்.

"சரி, ஒரு ரவுண்டு போவம்," என்று ரவூப் வழக்கம்போல் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வண்டி வெண்ணெயில் கத்தி போலப் போயிற்று. அஸர் பாங்கு கேட்டதும் பள்ளிவாசல் முனையில் இறங்கினார். கார் பத்தடி நகர்ந்திருக்காது.

டடங்.

ரவூப் திரும்பிப் பார்த்தார். வந்து ஏறினார், சத்தமில்லை. இறங்கி நகரச் சொன்னார், டடங். "ஓரமா நிறுத்துங்க, தொழுதுட்டு வாறேன்" என்று போனவர், திரும்பி வந்ததும் முன்சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார்.

"சீட்டு போல்ட்டு ரெண்டும் அத்துப்போயிருக்கு சாமி. துருவைப் பாத்தா பத்து வருசமாச்சும் இருக்கும்."

"பத்து வருஷமா சத்தமே இல்லையே பாய்."

"அம்மா உக்காந்திருந்தாகள்லா."

சந்திரமௌலி அந்தச் சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார். விட்டார். அழுத்தினார்.

"பத்து நிமிச வேலைதான். போல்ட்டு போட்டுத் தாறேன்."

"வேண்டாம். திங்கக்கிழமை வரேன்."

"சத்தம் கேட்டா அம்மா ஏறமாட்டாகன்னீகளே?"

"அவ ஏறினாத்தானே பாய் சத்தம் நிக்கும்?"

ஞாயிறு காலை, வாஷிப் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் காலி சீட் துள்ளிக் குதித்தது. பக்கத்தில் போன டாக்ஸிக்காரன் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தான். சந்திரமௌலி அவனுக்குப் பெருமையாகக் கையசைத்தார்.

மகள் வீட்டுக் கட்டிடத்தின் கீழே நிறுத்தியபோது என்ஜினை அணைக்கவில்லை. முன்கதவைத் திறந்து வைத்தார். உள்ளே சீட் கடகடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடி பால்கனியில், கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அபயத்தின் கை பாதியில் நின்றது.