கிளாட்வினின் சூட்டுக் கணக்கு

முப்பத்திரண்டு வருஷம் கப்பல் எஞ்சின்களோடு குடித்தனம் நடத்திய கிளாட்வினுக்கு ஒரு கம்ப்யூட்டர் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

மகள் ஜெனிலா பெங்களூரிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடி வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. கட்டடங்களுக்குப் படம் போடுகிற வேலை, வீட்டிலிருந்தே பார்க்க விட்டிருந்தார்கள். வேலை மும்முரமாக ஓடும்போது பெட்டி பட்டென்று அணைந்துவிடும். காரணம் சொல்லாது.

"இன்னொரு தடவை மீட்டிங் நடுவுல போச்சுன்னா, திங்கக்கெழம ஆபீசுக்கே வந்துரச் சொல்லிட்டாங்கப்பா" என்றாள்.

கிளாட்வினின் மனைவி பிளாரன்ஸ் தவறிப்போன பிறகு மூன்று வருஷம் பேச ஆளில்லாமல் கிடந்த வீடு இது. அதைவிட, இந்தப் பிள்ளை வளர்ந்ததையே அவர் பார்க்கவில்லை. அவளுக்கு முதல் பல் விழுந்த கதையை டர்பன் துறைமுகத்தில் ஒரு போன் பூத்தில் நின்று கேட்டார். அவள் மாதா கோயிலில் முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கிய அன்று அவர் கப்பல் சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரத்தில் கிடந்தது. இப்போதுதான் கையில் கிடைத்திருக்கிறாள். ஒரு தகரப் பெட்டிக்காக விட்டுவிட முடியுமா?

ஆகவே எஞ்சின்ரூம் முறையிலேயே இறங்கினார். கோடு போட்ட நோட்டில் அரை மணிக்கு ஒரு தரம் எழுதினார்: நேரம், கரண்ட், திரை காட்டும் சூடு. வயரை மாற்றினார், யுபிஎஸ்ஸை மாற்றினார், மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கூடவே செங்கடல் புழுக்கத்தில் பிஸ்டன் கழற்றிய கதைகளை எடுத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் அவருக்குப் பத்து வயது குறைந்திருந்தது.

வியாழக்கிழமை ஜெனிலா திரையைக் காட்டினாள். "தொண்ணூத்தாறுப்பா. ஜாஸ்தி இல்லையா?"

"மெயின் எஞ்சின்ல கூலிங் தண்ணியே எண்பத்தஞ்சுல ஓடும்ளா. இதெல்லாம் ஒரு சூடா?"

"எஞ்சின் வேற, இது வேறப்பா. எண்பதைத் தாண்டினாலே கவனிக்கணுமாம். நூறத் தொட்டா, கருகிராம இருக்க அதுவே அணைஞ்சிருமாம். நேத்துதான் படிச்சேன்."

கிளாட்வின் நோட்டைப் புரட்டினார். ஏழு தடவை அணைந்திருக்கிறது. ஏழுக்கும் முந்தின ரீடிங் தொண்ணூற்றைந்துக்கு மேல். கரண்ட் ஒழுங்காக இருந்த நாளிலும் அதே கதை. வெறும் மெயில் பார்த்த நாளில் அறுபதுதான். அன்று அணையவே இல்லை. எல்லாவற்றையும் அவர் கையாலேயே எழுதியிருந்தார், எழுதினதை வாசிக்கத்தான் இல்லை.

பெட்டிக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தார். ஃபேன் சுற்றுகிறது, காற்று வரவில்லை. முன்மூடியைக் கழற்றினார். காற்று உள்ளே போகிற வலைக்குப் பின்னால் நீலத் துணி, இரண்டு மடிப்பாக, ஓரமெல்லாம் டேப் ஒட்டி இருந்தது.

அது அவர் எஞ்சின்ரூமில் உடுத்திய பழைய பாய்லர் சூட். பெட்டி வந்த அன்றே, மகள் குளிக்கப் போன நேரத்தில், உப்புக்காற்று உள்ளே போய் இரும்பைத் தின்றுவிடக்கூடாது என்று அவரே வெட்டி ஒட்டி, அதோடு மறந்தும்போனது. கடற்கரைக்காரர்கள் தையல் மெஷின் முதல் மோட்டார் வரை எதையும் மூடாமல் வைக்கமாட்டார்கள். பெரியவர் இதையும் மூடிவிட்டார்.

துணியைச் சுருட்டி ஒளித்துவிட்டு, தூசி என்று சொல்லிவிடலாம். அந்த எண்ணமும் வந்தது. ஆனாலும் துணியை மகள் கையிலேயே கொடுத்தார்.

"நாந்தாம்ளா ஒன்ன பெங்களூருக்கு அனுப்பப் பாத்திருக்கேன்."

கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் துணியை மூக்கருகில் கொண்டுபோனாள்.

"இன்னும் டீசல் வாடை அடிக்குதுப்பா. நீங்க கப்பலேறினதும் அம்மா இப்படி ஒண்ணத்தான் என் தலையணையில போட்டுவிடுவா. இல்லாட்டி நான் ஒறங்க மாட்டனாம்."

கிளாட்வினுக்கு இது தெரியாது. பிளாரன்ஸ் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

அன்றைக்கும் மறுநாளும் வேலை தடங்கலில்லாமல் ஓடியது. சூடு எழுபத்திரண்டைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசோடு பேசி முடித்துவிட்டு ஜெனிலா வெளியே வந்தாள்.

"வீட்லருந்தே பாக்கச் சொல்லிட்டாங்கப்பா. எத்தன நாளைக்குன்னு கேட்டாங்க. ஒம்பது மாசம்னு சொல்லிட்டேன்."

"அதென்னளா ஒம்பது மாசம்?"

"நீங்க ஒவ்வொரு தடவையும் கப்பலுக்குப் போனா அவ்வளவு நாள்தான போவீங்க. அதுல ஒரு தடவையயாவது திருப்பி வாங்கிக்கிடுதேன்."