லதீஃபாவின் கட்டிலுக்குக் கீழே நின்ற தூண்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கொச்சி மட்டாஞ்சேரியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், மிளகு வியாபாரி கமாலுதீன் ராவுத்தர் வீட்டுத் தூண் சந்தேகத்துக்கு வளைந்தது. பாரத்துக்கு வளையவில்லை; நிறுத்திய கையோடு மாடியில் பதினெட்டு மூட்டை மிளகு ஏற்றியபோதும் நூல் பிடித்ததுபோல் நின்றது. ஒற்றை மரத்தில் செய்த தூண் இல்லை அது. தோப்பும்படியில் படகு கட்டும் நாணு மேஸ்திரி, வெளியே இரண்டு மெல்லிய தேக்குப் பலகை, நடுவே கனமே இல்லாத முருக்கு மரம் என்று வைத்து, மூன்றையும் பசை போட்டு ஒன்றாக்கியிருந்தார். நிறுத்திய அன்று ராவுத்தர், "இது வளையுமா மேஸ்திரி?" என்று கேட்டார். நாணு சாயாவை ஊதிக்கொண்டே, "ஒட்டுமில்ல" என்றார். மலையாளத்தில் அதற்குக் கொஞ்சம்கூட இல்லை என்று அர்த்தம். தமிழ்நாட்டில் கம்பம் ஊரிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத ராவுத்தர் காதில், பலகைக்கு ஒட்டும் இல்லை, பசையே போடவில்லை என்று விழுந்தது. மறுபடி கேட்கக் கூச்சம். சாயங்காலத்துக்குள் தூண் நடுவில் ஒரு விரற்கடை புடைத்துவிட்டது.

தூணுக்கு நேர் மேலே அவர் மனைவி லதீஃபாவின் கட்டில் இருந்தது. மூன்று பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள். நாலாவதுக்கு ஏழு மாதம். கட்டிலை விட்டு அசையக் கூடாதென்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். ராவுத்தர் தூணைத் தட்டினார், காது வைத்துக் கேட்டார், பலகை இடுக்கில் ஊசி விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் வளைந்தது. முட்டுக்கொடுக்க வந்த ஆசாரியை, நாணுவின் ஆளாக இருக்குமோ என்று திருப்பி அனுப்பினார். பால்காரரைச் சந்தேகப்பட்டார், அதற்கும் வளைந்தது. பதினோராம் நாள் மாடியிலிருந்து லதீஃபா கூப்பிட்டாள்: "என்னங்க, கீழே என்ன பண்றீங்க? கட்டில் என்னைக் கூட்டிக்கிட்டு வாசலுக்குப் போகுது."

அவள் சொல்லித்தான் நாணுவை வரவழைத்தார்கள். "பசை போடலைன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார் ராவுத்தர்.

"ஞானோ? எண்டெ ராவுத்தரே, ஒட்டுமில்லன்னா ஒட்டே இல்லன்னு ஆரு படிப்பிச்சு? ஒட்டு விட்டுப்போனா மூணு பலகையும் மூணு வழிக்கு வளையும். ஒட்டியிருந்தா ஒரே தடிதான்."

ராவுத்தருக்கு வெட்கமாகிவிட்டது. தூண் கிறீச்சென்று நிமிரத் தொடங்கி, பாதியில் நின்றது.

"இன்னும் மீதி இருக்கு போல. கட்டில் சொல்லுதே" என்றாள் லதீஃபா மேலேயிருந்து.

மீதி என்னவென்று அவருக்குத் தெரியும். மாடிப்படியில் உட்கார்ந்து, "இதுவும் தங்காதோன்னு இருக்கு, லதீஃபா" என்றார்.

"எனக்கும் அதேதான். தூணைக் காவல் காத்தது போதும், மேலே வாங்க."

அதன்பிறகு இரண்டு மாதம் அவர் கட்டிலோரத்திலேயே இருந்தார். கடையை மைத்துனர் பார்த்துக்கொண்டார். கீழே தூணை யாரும் பார்க்கவில்லை. அது மேலே இருந்த மூன்று உயிரையும் சுமந்து நின்றது. நசீபா பிறந்தாள், தங்கினாள். தூண் முழுக்க நிமிரவே இல்லை, யாரும் நிமிர்த்தவும் போகவில்லை. அறுபத்து நாலில் நசீபா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபிறகு, அவள் வரத் தாமதமானால் அது இன்னும் கொஞ்சம் வளையும், அவள் செருப்பைக் கழற்றியதும் பழைய நிலைக்கு வரும். லதீஃபா அதைப் பார்த்துத்தான் சாயாவுக்கு அடுப்புப் பற்றவைப்பாள். வீட்டுவரிக்கு அளக்க வந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'தூண் ஒன்று, மரம்' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் எல்லாரும் பொழுதோடு வந்து சேரட்டும், கண்ணுகளா.