ஏழாம் தாழ்வாரத்தில் வேண்மதி

தணிகாசலத்தின் மகள் வேண்மதி திங்கட்கிழமையிலிருந்து ஏழாம் குரோமோசோமில் விடுபட்ட பகுதியாக இருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியாகிவிட்டது.

ஏழாம் குரோமோசோம் என்பது மரபணு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ஒரு தாழ்வாரம். அதன் ஒரு கோடியில் வரைபடப் பிரிவு. யார் எங்கே இருக்க வேண்டும் என்று குறிப்பது அவர்கள் வேலை. மறுகோடியில் வாசிப்புப் பிரிவு. ஆளைத் துண்டுதுண்டாக்கி எழுத்தெழுத்தாகப் படிப்பது இவர்கள் வேலை. இரண்டும் ஒன்றுசேர்ந்தால்தான் ஆள் வெளியே வர முடியும். இரண்டு பிரிவும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

“உங்க பொண்ணு அங்கதான் சார் இருக்கணும்” என்று வரைபடப் பிரிவு குணசுந்தரி நடுவிலிருந்த வெறும் சுவரைக் கைகாட்டினாள்.

“அங்க இடமே இல்ல” என்று மறுகோடியிலிருந்து கத்தினார் வாசிப்புப் பிரிவு ஹமீது.

அவர்கள் ஒத்துப்போகாத ஒவ்வொரு தடவையும் தாழ்வாரம் நீண்டது. காலையில் சுவருக்குள்ளிருந்து பக்கத்தில் கேட்ட வேண்மதியின் குரல், இப்போது பஸ் ஸ்டாண்டுக்கு அப்பாலிருந்து கேட்டது.

“அப்பா, மூச்சு முட்டுதுப்பா.”

தணிகாசலம் இருவர் காலிலும் விழுந்தார். ஒருவர் காலிலிருந்து அடுத்தவர் காலுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது.

ஹமீது மனமிரங்கி, வேண்மதியைப் படித்ததில் இடம் தெரியாமல் மிச்சமிருந்த துண்டைக் கொண்டுவந்து சுவரில் வைத்துப் பார்த்தார்.

“ஒரே ஒரு அடையாளம்தான் பொருந்துது. இடம் சரி. எந்தப் பக்கம் தலைன்னு தெரியல. மாத்தி ஒட்டினா கடைசியில வர்றது முதல்லயும், முதல்ல வர்றது கடைசியிலயும் வந்துடும்.”

“தெரியலேன்னா பெத்தவங்களக் கேக்கறதுதான் வழக்கம்” என்றாள் குணசுந்தரி. “பொறக்கறப்ப எப்படி சார் வந்தா?”

தணிகாசலத்துக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

“கால்தாம்மா முதல்ல வந்துச்சு.”

“அப்ப கால முன்னாடி வச்சு அப்படியே ஒட்டிடலாம்” என்றார் ஹமீது.

முதன்முறையாக இருவரும் ஒத்துப்போனார்கள். தாழ்வாரம் நாலெட்டுக்குச் சுருங்கியது. சுவர் திறந்து வேண்மதி வந்தாள்.

“போயிட்டு வரேன்ப்பா” என்றாள். பிறகு அவரைக் கட்டிக்கொண்டாள். பிறகு விட்டாள்.

“இப்பத்தானே கண்ணு வந்த, எங்க போற?” தணிகாசலம் கதறினார். “அம்மா, திருப்பி ஒட்டுங்கம்மா!”

“ஒட்டினது ஒட்டினதுதான் சார். ரெண்டு பிரிவும் ஒத்துக்கிட்டாச்சு.”

வேண்மதி முகத்தை அப்பா பக்கமே வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தாள். அவர் ஓடினார். தாழ்வாரம் நீண்டது. அவள் செருப்பைக் கழற்றுவது தெரிந்தது. கண்ணுக்கு எட்டாத கோடியிலிருந்து அவள் குரல் சந்தோஷமாக வந்தது.

“அப்பா, நான் வந்துட்டேன்!”