மாட்டுக் கொம்புலேந்து மேகம் வரைக்கும் போன கோடு

இல்லங்க, ஒரு தட்டு மேல அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா "இங்க பாருங்க"ன்னு அர்த்தமா, "இத அழிங்க"ன்னு அர்த்தமா? எங்க அண்ணனுக்கு ரெண்டாவதுதான் தோணியிருக்கு. அவனக் கடிச்சுத் துப்பலாம் போல இருக்கு எனக்கு.

என்கிட்ட ஒரு பழைய இங்கிலாந்து பீங்கான் தட்டு இருக்குல்ல, நீலத்துல பாலம், ஆறு, ரெண்டு மாடு போட்டது. பின்னாடி முத்திரையே கிடையாது. எந்தக் கம்பெனி பண்ணுச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஏழு மாசமா அதையே முறைச்சு முறைச்சுப் பாத்து ஒரு விஷயம் புடிச்சேன். இடது பக்க மாட்டோட கொம்புலேந்து மேகம் வரைக்கும் தலைமுடி மாதிரி ஒரு நீலக் கோடு. கீறல் இல்ல, படத்தோடயே அச்சானது. இந்தத் தட்டெல்லாம் கையால வரையறது இல்ல. செப்புத் தகட்டுல படத்தச் செதுக்கி, மை தடவி, மெல்லிசு காகிதத்துல ஒத்தி எடுத்து, அத அப்பிடியே தட்டு மேல ஒட்டி அச்ச எறக்கிடுவாங்க. அதுக்கு மேலதான் கண்ணாடிப் பூச்சு. அப்போ செதுக்குனவன் கை ஒரு தடவ வழுக்குனா போதும், அந்தத் தகட்டுலேந்து வந்த அத்தன தட்டுலயும் அந்த வழுக்கல் இருக்கும். எப்பவோ எவனுக்கோ கை சறுக்குனது என் ஷெல்ஃப்ல உக்காந்திருக்கு, சும்மாவா!

எங்க கலெக்டர் குரூப்ல ஒருத்தங்க லென்ஸக் கழுத்துலயே மாட்டிட்டுத் திரிவாங்க, அதனால லென்ஸக்கா. அவங்ககிட்ட இதே படம், இதே அளவு, ஆனா பாதித் தட்டு. உடைஞ்சது. பின்னாடி முத்திரை மட்டும் பளிச்சுன்னு இருக்கு. முன்னாடி அதே கோடு! என் தட்ட போட்டோ எடுத்து அனுப்புனேன்.

"போட்டோல என் மாமியார்கூட சாதுவாத்தான் தெரிவாங்க. நேர்ல கொண்டா. பக்கத்துல வெச்சுப் பாக்காம ஒத்துக்க மாட்டேன்"னுட்டாங்க.

சனிக்கிழமை மீட்டிங். ரெண்டு கோடும் ஒத்துப்போனா என் தட்டுக்கு ஊரு பேரு கிடைக்கும், குரூப் பட்டியல்ல ஏறும், கண்டுபிடிச்சது நான்னு எழுதுவாங்க. அவங்க தேடிட்டு நிக்கக்கூடாதேன்னுதான் அந்தக் கோட்டுக்கிட்ட அம்பு ஒட்டி வெச்சேன். வெச்சுட்டு வேலை விஷயமா நாலு நாள் வெளியூர் போயிட்டேன்.

நேத்து திரும்பி வந்தா அண்ணன் ஒரு டப்பாவ நீட்டுறான். பல்லு முப்பத்திரண்டும் தெரியுது. தொறந்தா என் தட்டு. பளபளன்னு. மாடு இருக்கு, மேகம் இருக்கு, நடுவுல வெள்ளை வெளேர்னு வானம்.

"கோடு எங்கடா?"

"போயிடுச்சுல்ல! நீதான் அம்பு போட்டு வெச்சிருந்தியே. உடைஞ்ச பீங்கான் ஒட்டுறவர்கிட்ட குடுத்து சரி பண்ணிட்டேன். பொறந்த நாள் வருதுல்ல உனக்கு."

"யாருடா உன்ன சரி பண்ணச் சொன்னா?"

"ஏண்டி கத்துற?"

"நான் கத்தல!" தெருவுக்கே கேட்டிருக்கும்.

அம்மா உள்ளேந்து, "சண்ட போடணும்னா எவர்சில்வர் தட்ட வெச்சுப் போடுங்க, அதுவாவது உடையாது"ன்னாங்க.

ஒட்டுறவருக்கு ஃபோன் போட்டேன். "அது பழுது இல்லங்க, அதுதான் அடையாளமே!"

"அடையாளம் பின்னாடிதானம்மா இருக்கும்? அந்த ஒரு கோட்டுக்கே ரெண்டு மணி நேரம் உக்காந்தேன். எங்க இருந்துச்சுன்னு இப்போ கண்டுபுடிங்க பாக்கலாம்!" பெருமை வேற!

"பெயிண்ட் மட்டும் அடிச்சீங்களா, இல்ல தேச்சீங்களா?"

"பெயிண்ட்தாம்மா... லேசாத் தேச்சும் இருப்பேன். ஞாபகம் இல்ல."

ஞாபகம் இல்லையாம்! ரெண்டு மணி நேரம் உக்காந்தது மட்டும் ஞாபகம் இருக்கு!

அண்ணன் மூஞ்சி தொங்கிப்போச்சு. "வேணாம்னா பெயிண்டத் தொடைச்சுக்கோ, உன் தட்டுதானே. இனிமே உனக்கு கேக்கு மட்டும்தான்"னுட்டுப் போயிட்டான். அவனத் திட்டித் தீத்துட்டேன். ஆனா அம்பு ஒட்டுனது நான்தானே, "தொடாதே"ன்னு ஒரு வார்த்த எழுதித் தொலைச்சிருக்கலாம்ல? அதுதான் உறுத்துது.

இப்போ விஷயம் இதுதான். அச்சு கண்ணாடிப் பூச்சுக்கு அடியில இருக்கு, பெயிண்ட் மேல இருக்கு. நெயில் பாலிஷ் அழிக்கிற அசிட்டோன்ல பஞ்ச நனைச்சுத் தொடைச்சா பெயிண்ட் மட்டும் வந்துடும். அந்த ஆளு தேய்க்கலன்னா கோடு முழுசா வெளிய வரும். தேச்சிருந்தா மங்கலா ஒரு திட்டு, அவ்ளோதான், போச்சு. வீட்டுல தொடைச்சுக் கோடு வந்துச்சுன்னா, "நீயே வரைஞ்சியா"ன்னு லென்ஸக்கா கேக்காம விட மாட்டாங்க. மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் தொடைச்சா யாரும் வாயத் தொறக்க முடியாது. ஆனா வராமப் போனா, மானம் அங்கயே போகும். பாட்டில் பக்கத்துலயேதான் இருக்கு, கை வேற பரபரங்குது. நீங்களா இருந்தா இப்பவே தொடைச்சுப் பாத்துடுவீங்களா, இல்ல சனிக்கிழமை வரைக்கும் பல்லக் கடிச்சுட்டு இருப்பீங்களா?