தங்கள் நடிப்பை நேரில் கண்டு

இது தொண்ணூற்று நாலில் நடந்ததா, ஐந்திலா என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த ஆள் சஃபாரி போட்டிருந்தான் என்று எனக்கு நினைவு. இல்லை, வெள்ளைச் சட்டைதான் என்கிறாள் வேதா. என் நினைவை நானே முழுதாக நம்புவதில்லை. ஆனால் அந்தக் கடிதத்தின் வாசகம் மட்டும் எங்கள் பக்கத்தில் பல பேருக்கு எழுத்து பிசகாமல் மனப்பாடம். அதற்குக் காரணம் அருணாதேவி.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, முருகையனின் டைப்பிங் கடை இருந்தது. அருணாதேவி டைப் அடிப்பாள், வேதா ஜெராக்ஸ் போடுவாள். பட்டா மாற்றம், விதவைப் பென்ஷன், வரப்புத் தகராறு என்று ஜில்லாவின் கவலை எல்லாம் அருணாதேவியின் விரல் வழியாகத்தான் கலெக்டருக்குப் போகும். ஒன்றும் மனசில் தங்காது. டைப்பிங் வகுப்பில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். எழுத்தைப் பார், அர்த்தத்தைப் பார்க்காதே, பார்த்தால் விரல் தடுக்கும் என்று.

விரல் சும்மா இருக்கும் நேரத்தில் அவள் நடிகை. மனு கொடுக்க வந்தவர்கள் தெருமுனை தாண்டியதும் அவர்கள் குரலிலேயே பேசிக் காட்டுவாள். பார்ப்பதற்கு வேதா ஒருத்திதான். அவளும் சிரித்து முடித்துவிட்டு, "போதும்டி, வேலையப் பாரு" என்பாள். உனக்கு நடிப்பு வரும் என்று வெளியாள் யாராவது ஒரே ஒரு தடவை சொன்னால் போதும் என்றிருந்தது அருணாதேவிக்கு.

ஒரு புதன்கிழமை அந்த ஆள் வந்தான். "இயக்குநர் ஆதவன்" என்றான். நின்றபடியே சொல்லச் சொல்ல அவள் அடித்தாள்.

"தங்கள் நடிப்பை நேரில் கண்டு, கமா, வியந்து, கமா, எமது திரைப்படத்தில் முக்கிய வேடத்துக்குத் தங்களைத் தேர்ந்தெடுத்துள்ளோம், முற்றுப்புள்ளி. உறுப்பினர் அட்டைக்கு ரூபாய் இரண்டாயிரம் செலுத்தி, கமா..."

பெயருக்கான இடத்தில் புள்ளி புள்ளியாக விடச் சொன்னான். முப்பது ஜெராக்ஸ் கேட்டான். போகும்போது திரும்பி, "உன் மூஞ்சில ஒரு களை இருக்கும்மா. ஞாயித்துக்கிழமை செங்கம் ரோடு லாட்ஜுல செலக்‌ஷன். வந்து பாரேன்" என்றான்.

அன்று சாயங்காலம் வரை அருணாதேவி தப்பில்லாமல் ஒரு வரிகூட அடிக்கவில்லை.

"முப்பது கடுதாசி போட்டிருக்கான்டி," என்றாள் வேதா. "ஒரே படத்துல முப்பது ஹீரோயினா?"

"ஹீரோயின் ஒண்ணுதான். மத்ததெல்லாம் தோழிங்க."

"அப்ப நானும் தோழியா வரட்டுங்களா மேடம்?"

"நீ ஜெராக்ஸ் மிஷினா நடி. பொசுக்குனு சூடாவுறதுல உன்ன மிஞ்ச ஆளில்ல."

முருகையன் பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "லீவு எடுத்துக்கம்மா. சினிமாவுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பட்டா மனுவ மட்டும் முடிச்சிடு" என்றார்.

சனிக்கிழமை அவள் கம்மலை அடகு வைத்து இரண்டாயிரம் வாங்கினாள். காதில் பிளாஸ்டிக் கம்மல் ஏறியது. அம்மாவிடம் புது ஃபேஷன் என்று சொல்லிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. மத்தியானத்துக்கே செங்கம் ரோட்டில் கிரிவலக் கூட்டம் நெரிந்தது. லாட்ஜ் மாடிப்படியிலும் கூட்டம்தான். கீழ்பென்னாத்தூர், அடி அண்ணாமலை என்று பல ஊர்ப் பெண்கள், கூடவே அப்பாக்கள். அருணாதேவிக்குத் துணை வேதா.

உள்ளே கூப்பிட்டதும் அந்த ஆள், "அண்ணன் செத்துட்டான். அழு" என்றான்.

பென்ஷன் மனு கொடுக்க வந்த ஒரு பெண்மணியை நினைத்துக்கொண்டு அவள் அழுதாள். அந்தப் பெண்மணி சத்தமே இல்லாமல், முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதவர். இவளுக்கும் அப்படியே வந்தது. நிஜக் கண்ணீர். முடித்து நிமிர்ந்தபோது அவன் ரசீது புத்தகத்துக்குக் கார்பன் வைத்துக்கொண்டிருந்தான்.

"பிரமாதம்," என்றான் குனிந்தபடியே. புள்ளி வரிசையில் அவள் பெயரை எழுதிக் கடிதத்தை நீட்டினான்.

தான் அடித்த கடிதத்தை அவள் அப்போதுதான் முதன்முதலாகப் படித்தாள். வலப்பக்க மூலையில் தேதி இருந்தது. அவன் போடச் சொல்லவில்லை. எந்தத் தாளானாலும் தேதி போட்டுத் தொடங்கும் கை, பழக்கத்தில் போட்டுவிட்டது. புதன்கிழமைத் தேதி. தங்கள் நடிப்பை நேரில் கண்டு.

ஜன்னலுக்கு வெளியே ஜனங்கள் நடக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாயிரம் தப்பியது என்றுகூடத் தோன்றவில்லை. அவ்வளவு நன்றாக அழுததை யாருமே பார்க்கவில்லையே என்றுதான் இருந்தது.

"என்னம்மா, பணம்?"

"வெளிய ஃப்ரெண்டுகிட்ட இருக்கு சார்."

வெளியே வந்து மாடிப்படித் திருப்பத்தில் நின்றாள். "யாரும் பணம் கட்டாதீங்க. எல்லாருக்கும் இதே கடுதாசிதாங்க. நாலு நாள் முன்னாடி நான்தான் அடிச்சேன்."

"அடிச்சியா? யாரம்மா?" என்றார் ஒரு அப்பா.

பதிலுக்கு அவள் இடுப்பில் கை வைத்து, கழுத்தைச் சாய்த்து, அந்த ஆளாகவே ஆனாள். "தங்கள் நடிப்பை நேரில் கண்டு, கமா, வியந்து, கமா..." பணம் கட்டி முடித்திருந்த ஒரு பெண் தன் கடிதத்தைப் பிரித்து விரல் வைத்துத் தொடர்ந்தாள். "அப்பா, அப்படியே இருக்குதுப்பா!" இரண்டாவது கமாவில் யாரோ சிரித்தார்கள். முற்றுப்புள்ளிக்குள் படி முழுக்கச் சிரித்தது. வேதா போதும் என்று சொல்லவில்லை.

அறைக்குள் இருந்தவனுக்குத் தன் குரல் வெளியிலிருந்து கேட்டது. பையோடு பின்படி வழியாக இறங்கி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினான். ஊர் தெரியாத ஆள். பௌர்ணமியன்று அத்தனை ஜனமும் ஒரே திசையில் நடக்க, எதிர்த்திசையில் ஓடியவன் அவன் ஒருத்தன்தான். யாரும் விரட்டவில்லை. "இந்தப் பக்கம் போவக்கூடாதுங்க" என்று கூட்டமே தோளைப் பிடித்துத் திருப்பி, தள்ளிக்கொண்டுவந்து, லாட்ஜ் வாசலில் நின்ற அப்பாக்களிடம் சேர்த்தது.

ஆதவனின் நிஜப்பெயர் பலராமன். ஆறு மாதம் உள்ளே இருந்தான். பணம் கட்டியிருந்த பதினோரு பேருக்கும் அது திரும்பக் கிடைத்தது. முருகையன் இரண்டாயிரத்து ஒன்றில் கம்ப்யூட்டர் வாங்கினார். வேதா கீழ்பென்னாத்தூருக்குக் கல்யாணமாகிப் போய் அங்கே சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அருணாதேவி திங்கட்கிழமையே கம்மலை மீட்டாள். நாலு வருஷம் கிராமம் கிராமமாக எழுத்தறிவு நாடகங்களில் நடித்தாள். பிறகு அரசாங்க ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. சினிமாவில் அவள் நடிக்கவில்லை.